தெருவுக்கு நல்ல அண்டைவீடாக ஒரு சபை: வேலூர்ப் பக்கத்துச் சபைகளுக்கு ஒரு செய்முறை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆலயத்தின் எதிர்வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அந்த வீட்டு வாசலை எத்தனை பைக்குகள் அடைத்து நிற்கின்றன? ஒலிபெருக்கியின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? ஆம்புலன்ஸ் வந்தால் நுழைய இடமிருக்கிறதா? தெருவுக்கு நன்மை செய்யக் கிளம்பும் சபை, தெருவுக்குத் தொந்தரவாக இருப்பதை முதலில் நிறுத்த வேண்டும். இதைச் சரிசெய்யாமல் அரிசி மூட்டையோடு போனால், வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மனம் திறக்க மாட்டார்கள்.

வண்டிகளுக்கு வாலிபர் ஐக்கியத்தில் இரண்டு பேர் போதும். காலை எட்டரைக்கே வந்து, தெருவின் ஒரு ஓரமாக மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டு, பத்தடி அகலத்துக்குக் குறையாமல் வழி விட வேண்டும். வீட்டு வாசல், கடை ஷட்டர், டிரான்ஸ்ஃபார்மர் முன்பு ஒரு வண்டியும் நிற்கக் கூடாது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஆராதனையில் பாதியை இழப்பார்கள். அதனால் மாதம் ஒரு முறைக்கு மேல் ஒருவரையே போடாதீர்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து நிறுத்தினால் மூன்றாம் மாதம் அவரும் வர மாட்டார், ஒழுங்கும் போய்விடும்.

ஒலிக்குச் சட்டமே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு வரம்பு 45. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே 60 டெசிபல் பக்கம் வந்துவிடும் என்றால், கோபுரத்தில் கட்டிய ஹார்ன் எவ்வளவு வரும் என்று யோசியுங்கள். ஹார்னைக் கழற்றிவிட்டு, ஆலயத்துக்குள்ளேயே நான்கு சிறிய ஸ்பீக்கர்களை நான்கு தூண்களில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கட்டிக் குறைந்த சத்தத்தில் வையுங்கள். உள்ளே இன்னும் தெளிவாகக் கேட்கும், வெளியே போகாது. ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான லெந்து காலக் கூட்டங்களும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளும் பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான் மோதிக்கொள்கின்றன. தேர்வு அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு கூட்டத் தேதியைக் குறியுங்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடித் தெருத் தெருவாகப் போகும் டிசம்பர் கீதப் பவனிக்கும் அப்படியே. எந்தத் தெருவுக்கு எந்த இரவு, எத்தனை மணிக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நோயாளி இருக்கும் வீட்டைத் தாண்டும் வரை தப்பு மேளம் அடிக்கக் கூடாது.

அடுத்து, கேட்பது. மூன்று வாரம், வாரம் இரண்டு மாலை, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகச் சேர்ந்து வீடு வீடாகப் போங்கள். கையில் ஒரு நோட்டு மட்டும் இருக்கட்டும், கைப்பிரதி வேண்டாம். "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்ப்பா" என்பார்கள், இல்லையென்றால் கடன் கேட்பார்கள். கேள்வி தெருவைப் பற்றியதாக இருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? மழை பெய்தால் எங்கே தேங்குகிறது? பள்ளி விட்டதும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? தனியாக இருக்கும் பெரியவர்கள் யார்? அங்கன்வாடி அக்கா, ரேஷன் கடைக்காரர், குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர், டீக்கடைக்காரர் ஆகிய நால்வரையும் விட்டுவிடாதீர்கள். அந்தத் தெருவின் பாதிச் செய்தி அவர்களிடம்தான் இருக்கும். ஜமாத்தாரையும் கோயில் தர்மகர்த்தாவையும் ஆயரே நேரில் போய்ப் பார்ப்பது முறை.

பதில் ஊருக்கு ஊர் மாறும். குடியாத்தம், பேர்ணாம்பட்டில் பீடி சுற்றும் வீடுகளில் பிள்ளைகளின் மாலை நேரம் பெரிய கவலையாக இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடியில் ஷூ கம்பெனிக்கு அதிகாலையிலேயே கிளம்பும் பெண்கள் தெருவிளக்கைப் பற்றிப் பேசுவார்கள். பாலாற்றங்கரையில் வெள்ளம். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளியூர் நோயாளிகள். ஐந்து வீட்டுக்கு மேல் சொன்னதாகவும், சபையில் அதற்கான கை இருப்பதாகவும், வருஷம் முழுக்க விடாமல் செய்யக்கூடியதாகவும் உள்ள ஒன்றை மட்டும் எடுங்கள். அந்த மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடுதான் தொடங்கினார். 40 படுக்கை மருத்துவமனை 1902-இல் வந்தது. ஒரு கட்டிலை ஒழுங்காக நடத்திக் காட்டிய பிறகுதான் நாற்பது.

எதுவும் தோன்றாத சபைக்குத் தண்ணீர்ப் பந்தல். வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை, 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வருஷா வருஷம் நடப்பது. திறப்பு விழா நடத்திவிட்டு மூன்றாம் நாள் காலிப் பானை நிற்கும் பந்தல்கள் ஊரில் நிறைய உண்டு. அதைவிடப் பந்தல் போடாமலே இருக்கலாம். ஏப்ரல் முதல் தேதியில் தொடங்கினால் ஜூனில் பள்ளி திறக்கும் வரை ஒரு நாளும் காயக் கூடாது.

இடம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி உள்பக்கமாக இருந்து, தெருவைப் பார்த்துத் திறந்திருந்தால் நல்லது. சாலையில் போட்டால் மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் அனுமதி வாங்க வேண்டும், போக்குவரத்துக்கும் இடைஞ்சல். மேலே தகரம் போடாதீர்கள், அனல் கீழே இறங்கும். தென்னங்கீற்று போட்டு, மேற்குப் பக்கம் ஒரு தட்டி கட்டினால் மூன்று மணி வெயில் பானை மேல் விழாது.

கணக்கு இப்படி. ஆளுக்கு 250 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர். ஒரு நாளைக்கு 200 பேர் என்றால் 100 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. பஸ் நிறுத்தமோ மருந்துக்கடையோ பக்கத்தில் இருந்தால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். குழாய் வைத்த 20 லிட்டர் மண்பானை மூன்று வாங்கினால், இரண்டு ஓடும்போது ஒன்று குளிர்ந்துகொண்டிருக்கும்.

பானையைப் பழக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். வாங்கியதும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு கூடவே கூடாது. மண் அதை உறிஞ்சிக்கொண்டு பல நாள் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு நாள் தண்ணீரில் மண் வாசனை தூக்கலாக இருக்கும், அதைச் செடிக்கு ஊற்றுங்கள். அழகுக்காகச் சிலர் பானைக்கு எனாமல் பெயின்ட் அடித்துச் சிலுவையும் சபைப் பெயரும் எழுதுகிறார்கள். பெயின்ட் அடித்த பானை குளிராது. பானையின் நுண்துளை வழியே கசியும் ஈரம் காற்றில் ஆவியாகிப் போவதால்தான் உள்ளே குளிர்கிறது. துளையை அடைத்துவிட்டால் அது வெறும் பாத்திரம். பெயரை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பலகையில் "குடிதண்ணீர்" என்று தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி மாட்டுங்கள். வழிப்போக்கருக்கு அந்த ஒரு சொல் போதும். பானையை நான்கு அங்குல ஆற்று மணல் மேல் வைத்து, காலையிலும் பகல் பன்னிரண்டுக்கும் மணலை நனைத்து, வாயை வெள்ளைத் துணியால் கட்டுங்கள். குழாயின் கீழே ஒரு பக்கெட் கட்டாயம். சிந்திய நீர் தேங்கினால் கொசு, கொசுவோடு டெங்கு. தினமும் மாலையில் பானையைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும்.

டம்ளர் எவர்சில்வரில் 60 வேண்டும். பிளாஸ்டிக் கப்பும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும், தண்ணீர்ப் பாக்கெட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சங்கிலி போட்ட ஒற்றை டம்ளரில் யாரும் மனதாரக் குடிக்க மாட்டார்கள். மூன்று தொட்டி வையுங்கள்: ஒன்றில் பாத்திரம் கழுவும் தூள், இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் கடைசி அலசல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும். எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே வரிசை. யாராவது தனி டம்ளர் கேட்டால் கொடுக்க வேண்டாம், இந்த ஒரு விஷயத்தில் சபை வளைந்து கொடுக்கவே கூடாது.

நீர்மோர் வாரம் இரண்டு நாள் கொடுத்தால் போதும். 200 பேருக்கு 200 மில்லி வீதம் 40 லிட்டர். 8 லிட்டர் தயிருக்கு 32 லிட்டர் தண்ணீர், உப்பு 200 கிராம், இஞ்சி 150 கிராம், பச்சை மிளகாய் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம். மொத்தத்தையும் காலையிலேயே கரைத்து வைத்தால் ஒரு மணிக்குப் புளித்துவிடும். தயிரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, பத்தரைக்கு ஒருமுறையும் ஒரு மணிக்கு ஒருமுறையும் கடையுங்கள். மீன் மார்க்கெட்டுக்கு வரும் ஐஸ் கட்டியை உடைத்துப் போடுவது மிகப் பெரிய தவறு. அது தின்பதற்காகச் செய்த ஐஸ் இல்லை. நூறு பேருக்கு வயிற்றுப்போக்கு வர அந்த ஒரு கட்டி போதும்.

பந்தலில் நிற்பவருக்கு ஒன்று சொல்லித்தர வேண்டும். வெயிலில் மயங்கி வருபவரின் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வெயில் தாக்கு. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. களைப்பு மட்டும் இருந்தால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்று ஊரே தெருவில் இருக்கும். ஆலய வாசலில் தண்ணீர் வைக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

ஆலயக் கழிப்பறையை வாரநாளிலும் திறந்துவிடுவது, செலவு குறைவு, பலன் அதிகம். பூ விற்கும் பெண்களும் காய்கறி வண்டி அக்காமாரும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஏன் என்று சபையிலுள்ள ஆண்கள் யோசிப்பதில்லை. உள்தாழ்ப்பாள், பல்பு, மூடி போட்ட குப்பைத்தொட்டி, தினம் இருமுறை கழுவச் சம்பளத்துக்கு ஓர் ஆள். ஆள் வைக்காமல் திறந்தால் பத்தே நாளில் பூட்டிவிடுவீர்கள்.

மாலைப் படிப்பு ஐந்தரை முதல் ஏழரை வரை. பதினைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். வரும் பிள்ளை பசியோடு வரும், முதலில் சுண்டல். 30 பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை ஒரு கிலோ, முந்தின இரவே ஊறப்போட்டால் வெந்து இரண்டு கிலோ ஆகும். எந்த நேரமும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், ஒரு பிள்ளையைத் தனியாக யாரும் வைத்திருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதுங்கள். வேதப் பாடத்துக்கு ஞாயிறு பள்ளி இருக்கிறது. கணக்கும் ஆங்கிலமும் படிக்க வரும் பிள்ளையை அதன் பெயரில் ஜெபிக்கவைத்தால், பெற்றோருக்குச் சொன்னதற்கு மாறாக நடந்தவர்களாவோம்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்த பிறகு, ஹாலை வெள்ள முகாமாகத் தரும் சபைகள் கணக்கை முன்பே போட்டுவைக்க வேண்டும். ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீட்டர் வேண்டும். நாற்பதுக்கு இருபத்தைந்து அடி ஹாலில் 26 பேர் மட்டுமே படுக்கலாம். நூறு பேரை ஏற்றுக்கொண்டால் மறுநாள் காலை கழிப்பறையிலேயே சண்டை தொடங்கும். 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது அளவு.

பணத்தில் ஒரு ஒழுங்கு. இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன் அடிபட்டவன் கையில் காசைத் திணிக்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, அதற்கு மேல் செலவானதைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அதையே பின்பற்றுங்கள். மருந்துக்கு உதவுவதானால் மருந்துக்கடையிலேயே கட்டுங்கள், வாடகைக்கு என்றால் லாட்ஜிலேயே கட்டுங்கள். ரசீதின் மறுபக்கத்தில் தேதி மட்டும் போதும். தனி நோட்டில் எண் கொடுத்து எழுதுங்கள், பெயர்கள் கமிட்டி அறிக்கையில் வர வேண்டாம். உதவி வாங்குபவரைப் போட்டோ எடுப்பதும், வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டவே வேண்டாம். மூட்டை கொடுக்கும் போட்டோவில் கை நீட்டி நிற்கும் அம்மாவின் பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும்.

இனி வேலூருக்கே உரியது. சி.எம்.சி.க்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று தொலைவிலிருந்து வருகிறார்கள். காட்பாடியில் இறங்கிப் பாலாற்றைத் தாண்டி, காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜ் எடுத்து, வாரக்கணக்கில் தாங்களே சமைத்துத் தின்கிறார்கள். நோயாளியை மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது. கூட வந்தவரை யாரும் பார்ப்பதில்லை. சபை செய்ய வேண்டியது அவர்களுக்குத்தான்.

லாட்ஜைக் காலி செய்துவிட்டு ராத்திரி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் அவர்களுக்குப் பெரிய கஷ்டம். பெட்டி வைக்க ஓர் அறை கொடுங்கள். எண் போட்ட டோக்கனை இரண்டாகக் கிழித்து ஒன்றைப் பெட்டியிலும் மற்றதை அவர் கையிலும் கொடுங்கள். பணம், பாஸ்போர்ட், ரிப்போர்ட் ஃபைல் மூன்றையும் அவரே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மின்விசிறி, போன் சார்ஜ் போட எட்டுப் பாயின்ட், துணி துவைக்க ஒரு கல், காயப்போட ஒரு கொடி. இவ்வளவுதான்.

சாப்பாடு கொடுத்தால் நமது ருசியில் கொடுக்காதீர்கள். புளியும் காரமும் தூக்கலான சாம்பாரை அவர்கள் மரியாதைக்கு இரண்டு வாய் உண்டு வைத்துவிடுவார்கள். புளி சேர்க்காத பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். 50 பேருக்கு அரிசி 6 கிலோ, துவரையோ மசூரோ 2 கிலோ, உருளை 6 கிலோ. வடித்த சோறு நான்கு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். இது கூட இருப்பவருக்கு மட்டும். சிறுநீரக நோயாளிக்கும் கீமோ எடுப்பவருக்கும் மருத்துவமனை சொன்னதைத் தவிர எதுவும் போகக் கூடாது. நான்கு சொல் கற்றுக்கொள்ளுங்கள்: தண்ணீருக்கு "ஜோல்", வங்க முஸ்லிம்களிடம் "பானி", சோற்றுக்கு "பாத்", மருந்துக்கு "ஓஷுத்". உங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள், பிறகு பேசுவார்கள். எந்த லாட்ஜையும் எந்த டாக்டரையும் சிபாரிசு செய்யாதீர்கள். ஸ்டேஷனிலிருந்தே தரகர்கள் கையில் சிக்கி வந்தவர்கள், இன்னொரு தரகர் என்றே உங்களையும் நினைப்பார்கள்.

ரத்தம் கேட்டு வருவார்கள். ஊரில் சொந்தக்காரர் இல்லாதவருக்கு ஆபரேஷனுக்கு முன்பு இதுதான் பெரிய பயம். சபையில் 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாதவர்களின் பட்டியலை ரத்த வகைவாரியாக எழுதுங்கள். ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். சபை நாளன்று நாற்பது பேர் ஒரே நாளில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த வாரம் ஓ நெகட்டிவ் கேட்டு ஒருவர் அழுதுகொண்டு நிற்கும்போது கொடுக்க ஆள் இருக்காது. வாரம் மூன்று பேர் என்று முறை போடுங்கள். லெந்து நாளில் உபவாசம் இருப்பவரை அன்று அனுப்பாதீர்கள், வெறும் வயிற்றில் கொடுத்தால் மயக்கம் வரும். ரத்தத்துக்குப் பணமோ பரிசோ எவரும் வாங்கக் கூடாது, அது குற்றம்.

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்காருங்கள். குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பதும், மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் எந்தச் சபைக்கும் உரிமையில்லாத காரியம்.

சிலர் பிழைக்க மாட்டார்கள். அந்த இரவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்: பிண ஊர்தி எண்கள், சுடுகாட்டுப் பொறுப்பாளர், அடக்கத்துக்கு உதவும் ஜமாத்தார், கல்லறைத் தோட்டப் பொறுப்பாளர். உடலை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகப் பதப்படுத்திய சான்றும் இறப்புக்கான தாளும் வேண்டும். வங்கதேசத்தவரானால் தூதரக அனுமதியும் வேண்டும். ஊருக்குக் கொண்டுபோக வசதியில்லாமல் இங்கேயே முடிக்கச் சொல்பவர்களும் உண்டு. அப்போது அவரவர் முறைப்படி செய்ய அவரவர் சமூகத்துப் பெரியவரை அழைத்து விடுங்கள். சபையிலிருந்து இரண்டு பேர் கூடவே இருங்கள், தண்ணீர் பாட்டிலும், ரேட் பேச ஒரு தமிழ் வாயும் அவர்களுக்குத் தேவைப்படும். காட்பாடியில் அவர்களை ரயிலேற்றும்போது போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள், வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்க வேண்டும்.